பிழையா, துப்பா?

2000 ஜூலையில் வெளிவந்த ஹாரி பாட்டர் நான்காம் புத்தகத்தின் உச்சக்கட்டம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறது. ஹாரியின் மந்திரக்கோலும் வோல்டெமார்ட்டின் மந்திரக்கோலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, எதிரியின் கோல் தான் செய்த கொலைகளைப் பின்னோக்கிக் கக்கத் தொடங்குகிறது. கடைசியாகச் செத்தவர் முதலில் வர வேண்டும். சக மாணவன் செட்ரிக் வருகிறான், ஒரு முதியவர் வருகிறார், பிறகு ஒரு பெண்மணி. அடுத்து வந்திருக்க வேண்டியவர் ஹாரியின் அம்மா லில்லி. அப்பா ஜேம்ஸ் முதலில் எதிர்த்து நின்று இறந்தார், குழந்தையை மறைத்து நின்ற தாய் அதற்குப் பிறகுதான் இறந்தாள் என்பது முதல் புத்தகத்திலேயே தெரிந்துபோன விஷயம். முதல் பதிப்பிலோ அப்பாதான் முந்தி வந்தார்.

வரிசை மாறியதை வாசித்த பிள்ளைகள் உடனே பிடித்துவிட்டார்கள். ஆனால் எழுத்தாளர் தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டு அவர்கள் நகரவில்லை. இதில் ஏதோ ரகசியம் ஒளிந்திருக்கிறதா என்றுதான் முதலில் துருவினார்கள். பிந்தைய பதிப்புகளில் லில்லி முதலில் வரும்படி திருத்தப்பட்ட பிறகே அந்த வாதம் ஓய்ந்தது.

அவர்கள் அப்படித் துருவியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஜே.கே. ரௌலிங் அவர்களை அப்படித்தான் பழக்கியிருந்தார். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், இரவல் மோட்டார் சைக்கிளில் குழந்தை ஹாரியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும் ஹாக்ரிட், அதைக் கொடுத்தது சிரியஸ் பிளாக் என்று போகிற போக்கில் சொல்கிறார். அந்தப் பெயரின் கனம் இரண்டு புத்தகங்கள் கழித்துத்தான் புரிகிறது. ஹாரியின் நண்பன் ரானின் எலி அவன் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக உயிரோடு இருக்கிறது. சாதாரண எலி மூன்று வருஷத்தைத் தாண்டாது என்று கடைக்காரி சொல்கிறாள். அதன் காலில் ஒரு விரல் வேறு இல்லை. அந்த எலிதான், நண்பர்களான ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்துவிட்டு உருமாறி ஒளிந்திருந்த பீட்டர் பெட்டிக்ரூ. 2003-இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராலும் திறக்க முடியாத ஒரு லாக்கெட் ஒரே வாக்கியத்தில் தலைகாட்டுகிறது. 2007-இல் வந்த ஏழாம் புத்தகத்தில் கதையே அந்த லாக்கெட்டைத் தேடி ஓடுகிறது. எலியின் விரலுக்கும் ஒரு வாக்கியத்துக்கும் இவ்வளவு மதிப்பு இருக்கும் கதையில், எந்த முரணையும் அச்சுப்பிழை என்று தள்ளிவிட வாசகருக்கு மனம் வராது.

எல்லா முரணும் துப்பு ஆகாது என்பதையும் அவர்களே கண்டுகொண்டார்கள். முதல் புத்தகத்தின் தொடக்க அச்சில், பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு முறை வருகிறது. மார்கஸ் ஃபிளின்ட் என்ற மாணவன் அதே புத்தகத்தில் ஆறாம் ஆண்டு படிக்கிறான், ஏழே ஆண்டுகள் உள்ள பள்ளியில் மூன்றாம் புத்தகத்திலும் பள்ளி விளையாட்டு அணியில் ஆடிக்கொண்டிருக்கிறான். பிறகு அவனை ஐந்தாம் ஆண்டுக்கு இறக்கித் திருத்தினார்கள். ஆனாலும் இந்த மாதிரிக் கணக்குப் பிசகுக்கெல்லாம் ‘ஃபிளின்ட்’ என்றே ரசிகர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று கணக்கிட்ட விதம் இன்னும் அழகு. இரண்டாம் புத்தகத்தில் நிக் என்ற ஆவி தன் ஐந்நூறாவது இறந்தநாளைக் கொண்டாடுகிறது. கேக்கில் 1492 அக்டோபர் 31 என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் இது 1992, ஹாரி பிறந்தது 1980. இந்த ஒரு கேக்கை வைத்து ரசிகர்கள் முழுக் காலவரிசையையும் கட்டினார்கள். ஏழாம் புத்தகத்தில் பெற்றோரின் கல்லறையில் 1981 அக்டோபர் 31 என்று வந்தபோது கணக்கு சரியாகப் பொருந்தியது. அந்தக் கணக்கிலும் ஓரிடம் இடிக்கிறது. 1994 கோடையில் ஹாரியின் பெரியம்மா மகன் டட்லி தன் பிளேஸ்டேஷனை ஜன்னல் வழியே எறிகிறான். அந்த இயந்திரம் ஜப்பானிலேயே அந்த டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது.

இவையெல்லாம் கதையின் உயிரைத் தொடாத ஓட்டைகள். ஃபிடெலியஸ் மந்திரம் அப்படியல்ல. அந்த மந்திரத்தில் ஒரு ரகசியத்தை ஓர் ஆளின் உள்ளே பூட்டி வைக்கிறார்கள். அந்தக் காப்பாளர் தானாக வாய் திறந்தால் ஒழிய, எதிரி ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். ஜேம்ஸும் லில்லியும் பீட்டரைக் காப்பாளராக வைத்தார்கள், அவன் அவர்களை வோல்டெமார்ட்டிடம் விற்றுவிட்டான். அவர்கள் செத்தார்கள், அவர்களின் நண்பர் சிரியஸ் செய்யாத குற்றத்துக்குப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தார், ஹாரி அநாதையானான். ஏழாம் புத்தகத்திலோ, ரானின் அண்ணன் பில் தான் குடியிருக்கும் வீட்டுக்குத் தானே காப்பாளர் என்று சாதாரணமாகச் சொல்கிறார். அது முடியுமென்றால் ஜேம்ஸ் ஏன் தன்னையே நியமித்துக்கொள்ளவில்லை? ஏழு புத்தகங்களின் துயரமும் தவிர்த்திருக்கக்கூடியதாகிவிடுகிறதே!

இதற்கு ரசிகர்கள் சொன்ன சமாதானங்களில் ஒன்றுதான் புத்தகத்தின் சொற்களில் ஊன்றி நிற்கிறது. பில் மறைத்தது வீட்டை. பாட்டர் குடும்பம் மறைத்தது தங்களையே. மறைக்கப்படுகிற ஆளே தன் ரகசியத்தின் பூட்டாக இருக்க முடியாது என்று கொண்டால், நான்காவது ஆள் ஒருவரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. நட்பின் மேல் வைத்த நம்பிக்கை உடைவதுதான் இந்தக் கதையின் ஆணிவேர் என்பதால், இந்த விளக்கமே கதையைக் காப்பாற்றுகிறது.

ஆனால் வாதம் அங்கும் நிற்கவில்லை. ஏழாம் புத்தகத்தில் பெற்றோரின் இடிந்த வீட்டின் முன் நிற்கும் ஹாரி, அப்பா அம்மாவோடு மந்திரமும் மடிந்திருக்க வேண்டும், அதனால்தான் வீடு கண்ணுக்குத் தெரிகிறது என்று நினைக்கிறான். அன்றிரவு குழந்தையைத் தூக்கிவர ஹாக்ரிட்டால் முடிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். அப்படியானால், மறைக்கப்பட்ட மூவரில் ஒருவன் இன்னும் தொட்டிலில் உயிரோடு இருக்கும்போது மந்திரம் எப்படி முறிந்தது என்று கேட்கிறார்கள். பூட்டப்பட்டது குழந்தையின் ரகசியமா, பெற்றோரின் ரகசியமா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது.