வேலியோரத்துக்கும் ஒரு பங்கு

மதிப்பிற்குரிய திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வத்தலக்குண்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரைத் தாண்டிக் கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள், காப்பாற்ற வேண்டியதெல்லாம் மலைமேல்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். திட்டம் போடுகிறவர்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

கையிருப்பு குறைவு, காக்க வேண்டியது ஏராளம். இதற்கு நார்மன் மையர்ஸ் 1988-இல் ஒரு வழி சொன்னார்: வேறெங்கும் வளராத தாவரங்கள் நிறைந்து, அழிவும் மிகுந்த இடங்களுக்கு முதலிடம். 2000-இல் அவரும் சக ஆய்வாளர்களும் பட்டியலிட்ட 25 இடங்கள் உலக நிலப்பரப்பில் 1.4 சதவீதம்தான். ஆனால் தாவர இனங்களில் 44 சதவீதம் அங்கு மட்டுமே உள்ளவை. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து அந்தப் பட்டியலில் ஓரிடம். அதில் அடங்கிய நம் பழனி மலைத்தொடருக்கு 2013-இல் கொடைக்கானல் சரணாலயமும் வந்தது. அந்தக் காவலில் ஒரு காசும் குறைக்க வேண்டாம்.

புதிதாகச் செலவிடும் பணத்துக்கு மட்டும் வேறு கேள்வி கேளுங்கள். இனங்கள் எங்கே அதிகம் என்று பார்ப்பதோடு, எந்த உயிருக்கு இன்னும் காவலே இல்லை என்றும் பாருங்கள்.

நம் மாவட்டத்துத் தேவாங்கு வறண்ட முள்காட்டிலும் தோப்பிலும் வேலியோரத்திலும் பிழைக்கும் உயிர். குரங்கைப் போல அது தாவாது. பிடித்த கிளையை விடாமலே அடுத்த கிளையை எட்டும். கிளுவை மரங்களாலான உயிர்வேலியை வெட்டிக் கம்பி வேலி போட்டால், அந்த இடைவெளியில் அது தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாயும் வண்டியும் காத்திருக்கின்றன. இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்று உழவனுக்கு உதவும் உயிர் இப்படிச் சாவது எனக்குப் பொறுக்கவில்லை.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதலாவது. வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்கள் அதில் உண்டு. எங்கள் நிலக்கோட்டை வட்டம் இல்லை. இங்கே தேவாங்கு எங்கெங்கே இருக்கிறது என்பதையாவது முதலில் கணக்கெடுக்க வேண்டாமா?

கணக்கெடுத்த பின் காப்பதற்கும் பெருந்தொகையோ பெருநிலமோ தேவையில்லை. நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோவில் காடு 4.97 ஹெக்டேர்தான். சாமிக்குப் பயந்து ஊரே காத்த காடு. 2025-இல் அது பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. மஞ்சளாறு, மருதாநதிக் கரைகளிலும் மலையடிவாரத்திலும் அப்படிக் காக்கத்தக்க துண்டுகள் எவை என்று, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களைக் கூட்டிக் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் இரவில் தோட்டக் காவல் கிடப்பவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். உயிர்வேலியை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை கொடுங்கள். சாலையோரப் புளியமரத்தை வெட்ட அனுமதி கேட்டு வரும் கோப்பில், இருபக்கக் கிளைகளும் மேலே தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்ற ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வத்தலக்குண்டுக்காரர் ஒருவர்