இரண்டு மூட்டை ஐந்து மூட்டையான கதை

மேலத்தெரு பெரியப்பாவுக்கு வயது 68. ஆற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் சம்பா. டீக்கடையில் பேப்பர் கைக்கு வந்தால் உலகச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். உள்ளூர்ச் செய்தி எதற்கு, வண்டியில் ஒரு தடவை டவுனுக்குப் போய்வந்தால் இடுப்பே சொல்லிவிடும் என்பது அவர் கட்சி.

இந்தத் தடவை உலகச் செய்தி அவர் வயலுக்கே வந்துவிட்டது. நாற்றுக்கு 25 நாள் ஆகிறது. கடைசி உழவில் அடியுரம் போட டி.ஏ.பி. வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பு இல்லை.

"என்ன பெரியப்பா, டி.ஏ.பி. வந்துச்சா?" என்றான் பக்கத்து வயல்காரர் மகன்.

"வந்துக்கிட்டே இருக்குடா. செங்கடல்ல டிராபிக் ஜாமாம்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது வெறும் கேலி இல்லை. மணிச்சத்து உரத்துக்கான பாறை நம் நாட்டில் கொஞ்சம்தான். மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து பாறையாகவோ, அமிலமாகவோ, ஆயத்த உரமாகவோ கப்பலில் வர வேண்டும். 2021 கடைசியில் சீனா தன் ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா, உக்ரைனுக்குள் புகுந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றி வர ஆரம்பித்தன. யாரோ எங்கோ சண்டை போட்டால், மூட்டை குறைவது நம் சங்கத்துக் கிடங்கில்தான்.

டவுனில் ஒரு தனியார் கடையில் டி.ஏ.பி. இருந்தது. மூட்டை 1,350 ரூபாய்தான், ஆனால் கூடவே ஒரு திரவ உர பாட்டிலும் எடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். பெரியப்பா சுவரிலிருந்த விலைப் பலகையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "பாட்டில் வாங்கினாத்தான் மூட்டைன்னு இதுல எழுதலையே தம்பி? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வாங்கிக்கிறேன்." கடைக்காரர் எழுதித் தரவில்லை, மூட்டையும் தரவில்லை. இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைப்பதும் ரசீது தருவதும் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரரின் கடமை. வேண்டாத பொருளைச் சேர்த்துத் தலையில் கட்டினால் வேளாண்மைத் துறையில் புகார் கொடுக்கலாம்.

வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருந்த உதவி அலுவலர் சின்னப் பெண். "ஐயா, உங்களுக்கு வேண்டியது டி.ஏ.பி. இல்லை, மணிச்சத்து" என்று ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மண் பரிசோதனை செய்யாத வயல் என்றால் சம்பாவுக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து. டி.ஏ.பி.யில் அது ஏறக்குறைய 43 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதம்தான் இருப்பதால் 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. டி.ஏ.பி.யோடு வரும் தழைச்சத்தை ஈடுகட்ட ஏக்கருக்கு 17 கிலோ யூரியா சேர்த்தால் போதும். சூப்பரில் 11 சதம் கந்தகமும் உண்டு, அது இலவச இணைப்பு. மணிச்சத்து மண்ணில் நகராது. அதனால் நடவுக்கு முன் அடியுரமாகவே முழுதும் போட வேண்டும், டி.ஏ.பி. வரட்டும் என்று காத்திருந்து பின்னால் மேலாகத் தூவினால் பயன் குறையும்.

"அப்ப ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை வாங்கின நான் இப்ப அஞ்சு மூட்டை வாங்கணும். நல்லா இருக்கும்மா உலக அரசியல்" என்றார் பெரியப்பா.

சூப்பர் சங்கத்தில் இருந்தது. அங்கே விற்பனைக் கருவியில் கைரேகை விழவில்லை. வலது கை, இடது கை, பத்து விரலும் வைத்தாயிற்று. "ரேகை தேஞ்சுபோச்சுங்க" என்றார் எழுத்தர். "அம்பது வருஷம் நாத்துப் பறிச்ச விரல் தேயாம என்ன செய்யும்? விவசாயி இல்லாதவனுக்குத்தான் இந்த மிஷின்ல உரம் கிடைக்கும் போலிருக்கு." ஓ.டி.பி. போட்டார்கள். ஆதாரில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண். மகன் ஷிப்டில் இருந்தான். அவன் போனை எடுத்தபோது எழுத்தர் சாப்பிடப் போய்விட்டார், எழுத்தர் வந்தபோது சர்வர் போய்விட்டது. மூன்றரை மணிக்கு ரசீது கிடைத்தது. ஆதாரில் சொந்த எண்ணைச் சேர்க்க, மறுநாளே ஈ-சேவை மையத்தில் விசாரித்தார்.

இரண்டு மூட்டை என்றால் பைக்கில் வந்துவிடும். ஐந்துக்குக் குட்டியானை வேண்டும். ஊருக்கு ஆறு கிலோமீட்டர்தான், அதற்கு வண்டிக்காரப் பையன் கேட்டது 600 ரூபாய். "ரோட்டுக்கு இருநூறு, பட்டை உடைஞ்சா அதுக்கு நானூறு, பெரியப்பா." மதகுப் பள்ளத்தில் வண்டி குதித்ததில் ஒரு மூட்டை கிழிந்து, சாம்பல் நிறச் சூப்பர் சேற்றில் கொட்டியது. கடல் தாண்டி வந்த சத்து, ஊர் எல்லைக்கு 300 மீட்டர் முன்னால் நெடுஞ்சாலைக்கு அடியுரமாயிற்று.

கிழிந்த மூட்டையைக் கட்டக் கயிறு தேடியபோதுதான், காட்டாமணக்குப் புதருக்குள் இருந்த பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம். அந்தத் திட்டத்தில் போடும் சாலையை ஐந்தாண்டு பராமரிப்பதும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. பலகையிலேயே தேதி இருந்தது. இன்னும் ஒன்றே முக்கால் வருடம் பாக்கி.

பலகை முழுவதையும் போனில் படம் எடுத்தார். வேலை முடிந்த தேதி, பராமரிப்புக் காலம், மதகு இருக்கும் இடம் மூன்றையும் எழுதி, கிழிந்த சாக்கின் படத்தோடு விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார். உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்ததில், அதே ரோட்டில்தான் போக வேண்டுமாம். "அதான் மனு இன்னும் போய்ச் சேரலை" என்கிறார்.

நடவு முடிந்துவிட்டது. மனு எண்ணைக் காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு, அதே ரோட்டில் நெல் ஏற்றப்போகும் இன்னும் ஆறு பேரைக் கூட்டிப் போகிறார்.