தண்டோரா இல்லாத குத்தகை

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் புளியமரக் குத்தகையானாலும் ஏரி மீன் குத்தகையானாலும், முதலில் தண்டோராப் போடுவது வழக்கம். இன்ன நாளில், இன்ன இடத்தில் ஏலம் என்பதை ஊரார் அனைவரும் அறிவர். எடுத்தவர் யார், எத்தனை ரூபாய்க்கு எடுத்தார், எவ்வளவு காலத்துக்கு எடுத்தார் என்பதைச் சாவடியில் அமர்ந்திருக்கும் கிழவரும் ஒப்பிப்பார். நாலு புளியமரத்துக்கு இத்தனை பகிரங்கம் வேண்டுமெனில், மாநகரின் நடுவே கிடக்கும் பொது நிலத்துக்கு எத்தனை வேண்டும்?

மும்பையில் மகாலட்சுமி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள குதிரைப் பந்தயத் திடலை அன்பர்கள் அறிவார்கள். ஏறத்தாழ 211 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் மாநில சர்க்காருக்கும் மாநகராட்சிக்கும் உரியது. இன்று ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் என வழங்கும் கழகத்துக்கு அது 1914-ஆம் ஆண்டு முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 2013 மே மாதத்தோடு அக்குத்தகை முடிவுற்றது. அதன்பின் 10 ஆண்டுகள் கடந்தும் புதிய குத்தகை எழுதப்படவில்லை. பந்தயம் மட்டும் நடந்து வந்தது.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நான் இதைக் கண்டு வியப்பதில் தவறில்லை. ஒரு கூடை மாம்பழம் பார்சலில் வந்தாலும் அதன் எடை, கட்டணம், அனுப்பியவர், பெறுபவர் யாவும் பதிவேட்டில் ஏறிவிடும். குறித்த நேரத்துக்குள் எடுத்துச் செல்லாவிடில் வார்ஃபேஜ் கட்டியே தீரவேண்டும். கூடைக்கு உள்ள கெடு நிலத்துக்கு இல்லாமற் போகலாமா?

2024-இல் ஒருவாறு முடிவு ஏற்பட்டது. 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கென மாநகராட்சிக்கும், 91 ஏக்கர் 30 ஆண்டுக் குத்தகையில் கழகத்துக்கும் என்று தீர்ந்தது. ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் குடும்பங்கள் நிறைந்த நகரத்தில், குழந்தைகள் ஓடியாட ஒரு பூங்கா வருமாயின் மகிழ்ச்சியே. ஆயினும் முடிவு எட்டப்பட்ட முறையை எண்ணிப் பாருங்கள். அதுபற்றிக் கழகத்தின் அங்கத்தினர்கள் கூடி வாக்களித்தார்கள். மாநகராட்சியிலோ, 2022 மார்ச்சிலேயே உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, ஆணையரே நிர்வாகியாக இருந்தார். மக்களின் சார்பில் எழுந்து நின்று கேள்வி கேட்க மாமன்றத்தில் ஒருவரும் இல்லை. பந்தயம் பார்ப்பவருக்கு வாக்கு இருந்தது. நிலத்துக்கு உரியவருக்கு இல்லை!

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கலாகாது என்பதை நம் சுப்ரீம் கோர்ட்டும் வலியுறுத்தியிருக்கிறது. போபாலில் ஓர் அறக்கட்டளைக்கு 20 ஏக்கர் சர்க்கார் நிலத்தை விளம்பரமின்றி ஒதுக்கியதை 2011-ஆம் ஆண்டு அது ரத்துச் செய்தது. பொதுச் சொத்தை அளிப்பதாயின் யாவரும் அறிய அறிவித்து, தகுதியுடையோர் அனைவருக்கும் வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதற்கும் முன்னர், 1979-இல், மும்பை விமான நிலையத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்தும் உரிமை பற்றிய வழக்கு வந்தது. டெண்டரில் கேட்ட தகுதி இல்லாதவருக்கே உரிமை கிடைத்திருந்தது. சர்க்கார் நிறுவனம் தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்பட்டது என்று நீதிபதிகள் கூறினர். எனினும் ஒப்பந்தத்தை அவர்கள் நீக்கவில்லை. வழக்குத் தொடுத்ததில் தாமதம் நேர்ந்தது. அதற்குள் உரிமை பெற்றவர் பெரும் பொருள் செலவிட்டுவிட்டார் என்பன காரணங்களுள் சில. காலங்கடந்து கேட்பவருக்கு நியாயம் கிடைத்தாலும் நிவாரணம் கிடைப்பது அரிது என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆகையால், கேட்க வேண்டுவதைக் காலத்தே கேட்க வேண்டும். அதற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ மராத்தியிலோ எழுதலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால், எழுதிக்கொள்ள அதிகாரி உதவ வேண்டும். ஏன் கேட்கிறீர் என்று காரணம் வினவலாகாது. பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிடில் மேலதிகாரியிடம் முறையிடலாம்.

“பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?” என்று நம்மவர் சிலர் ஒதுங்குவதுண்டு. இந்த உரிமையைச் சட்டம் இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் அளித்திருக்கிறது. பிறந்த ஊரை அது கேட்கவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களுக்கு மைதானமும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் அமைய வேண்டிய நிலம், வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை.

எனவே அன்பர்களே, உங்கள் பேட்டையில் ஒரு பொது நிலத்தைச் சுற்றி வேலி எழும்பக் கண்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை காலத்துக்கு? தனியே கேட்கத் தயங்குவோர் நாலு பேராகச் சேர்ந்து கலந்து பேசி, ஒருவர் பெயரால் விண்ணப்பியுங்கள். தண்டோராப் போட வேண்டியவர்கள் போடாவிட்டால், கேட்க வேண்டியவர்களாவது கேட்க வேண்டுமன்றோ?