சியா புட்டிங்கும் எங்க ஊர் ராகியும்

போன தடவை பரீட்சை முறை பற்றிப் புலம்பினேன், இந்தத் தடவை சாப்பாடு. நான் சமையல் புலி எல்லாம் கிடையாது. ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கருத்து சொல்ல சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே :-)

விஷயம் இதுதான். வகுப்பில் பாதிப் பேர் வாயில் இப்போது 'சியா புட்டிங்'. ஒரு கோஷ்டி, அதைச் சாப்பிட்டால் தொப்பை கரையும், முடி வளரும், சர்க்கரை இறங்கும் என்று அடித்துச் சொல்கிறது. எதிர்க் கோஷ்டி, "இதெல்லாம் பணக்காரப் பசங்க வேலை, வெள்ளைக்காரன் தீனி, நமக்கு எதுக்குடா?" என்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் தப்பு. சியா புட்டிங் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. சுலபமாகச் செய்யக்கூடிய ஒரு நல்ல பலகாரம், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியையாவது தருமபுரிக்காரன் தன் ராகிக்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் கட்சி.

முதலில் செய்முறை. ஏனென்றால் இதில் ரகசியம் எதுவுமே இல்லை.

தேங்காய்ப்பால் ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி. கெட்டியான முதல் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் போதும். சியா விதை இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 25 கிராம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகு உங்கள் நாக்குக்குத் தகுந்தபடி. (வடிகட்டாமல் ஊற்றினால் மண் கடிபடும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.) ஒரு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் கலக்கி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை கலக்குங்கள். இந்த இரண்டாவது கலக்கல்தான் முக்கியம், இல்லையென்றால் விதையெல்லாம் அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரமோ, ராத்திரி முழுக்கவோ. காலையில் மேலே மாம்பழத் துண்டு, வாழைப்பழம், எது இருக்கிறதோ அது. முடிந்தது! அடுப்பே வேண்டாம்.

இது எப்படிக் கெட்டியாகிறது? சியா விதையின் தோலில் தண்ணீர் பட்டதும் வழவழப்பான ஒரு பொருள் வெளியே வந்து கூழ் மாதிரி சூழ்ந்துகொள்கிறது. தன் எடையைப்போல் சுமார் பத்து மடங்கு தண்ணீரை அது பிடித்து வைக்கும். முட்டையோ சோள மாவோ செய்யும் வேலையை இந்த வழவழப்பே செய்துவிடுகிறது.

ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் இல்லையா? தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிடாதீர்கள், சித்திரை வெயிலில் விடிவதற்குள் புளித்து நாறிவிடும். காலையில் எழுந்ததும் விதையைத் தண்ணீரில் மட்டும் ஊறப்போட்டுவிட்டு, குளித்துத் தயாராகி வந்து, புதிதாகப் பிழிந்த பாலைக் கலந்து சாப்பிடலாம். அவ்வளவு கெட்டியாக இருக்காது, ஆனால் ருசியில் குறையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. உலர்ந்த விதையை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வீர சாகசம் வேண்டாம். அமெரிக்காவில் ஒருவர் அப்படிச் செய்து, விதை உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டு, மருத்துவர்கள் எடுக்க வேண்டியதாகப் போனது. 2014ல் அங்கே நடந்த குடல் நோய் மருத்துவர்கள் மாநாட்டில் இந்தச் சம்பவத்தை விளக்கியிருக்கிறார்கள். ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

சரி, பால் எதற்கு வேண்டாம்? "பால் குடிச்சா வயிறு உப்புசமா இருக்கு" என்று சொல்லும் நண்பர் உங்கள் அறையிலும் ஒருவராவது இருப்பார். அவரைக் கேலி செய்வதற்கு முன் இதைக் கேளுங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். பலருக்குக் குழந்தைப் பருவம் தாண்டியதும் அது குறைந்துவிடுகிறது. 1981ல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட வட இந்தியர்களில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலும், தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பங்கும் லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களாக இருந்தார்கள். அதாவது நம் பக்கத்தில் இது வியாதியே இல்லை, சர்வ சாதாரணம். பாலாகக் குடித்தால் படுத்தும், மோராகக் குடித்தால் பலருக்கு ஒன்றும் செய்யாது. புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பங்கை பாக்டீரியா தின்றுவிடுவதுதான் காரணம். நம் ஊரில் கூழுக்கு மோர் ஊற்றுகிறார்கள், பால் ஊற்றுவதில்லை. அது நாக்குக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. (பால் ஒவ்வாமை என்பது வேறு விவகாரம். அவர்களுக்கு மோரும் ஆகாது.)

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பால் பெயரில்தான் பால். அதில் கொழுப்பு நிறைய, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ரொம்பக் கம்மி. பாலை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பால் குடித்தால் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது எதிர்க் கோஷ்டிக்கு. சியாவின் சொந்த ஊர் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அஸ்டெக் மக்களுக்கு அது அன்றாட உணவு. பேரரசுக்குக் கப்பமாகக் கட்டிய பொருட்களைப் பட்டியலிடும் மெண்டோசா சுவடியிலேயே சியா இருக்கிறது. 'வெள்ளைக்காரன் தீனி' என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது. சொல்லப்போனால் ஸ்பானியர்கள் வந்த பிறகுதான் அதன் மவுசு குறைந்தது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாமே அந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே. நிலக்கடலையை வெளிநாட்டுத் தீனி என்று தருமபுரியில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். போதாததற்கு, மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று கர்நாடக விவசாயிகளைச் சியா பயிரிட வைத்திருக்கிறது. இப்போது அது பக்கத்து மாநிலத்துப் பயிரும்கூட.

மருந்து என்று நம்பும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. ஒரே பொருளைச் சாப்பிட்டு ஆயுளைக் கூட்டிக்கொள்ளும் ஆசை நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி இந்தத் தகடூர்க் கதைதானே! அந்தக் கதையில் பெரிது கனியின் சத்து இல்லை, கொடுத்தவனின் மனசு. சியாவில் நார்ச்சத்து இருக்கிறது, ஒமேகா 3 வகைக் கொழுப்பு இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று வேளையும் பரோட்டா தின்றுவிட்டு நடுவில் ஒரு கப் புட்டிங் தின்றால் விதை என்ன செய்யும் பாவம்?

மூன்றாவது கோஷ்டி ஒன்றும் இருக்கிறது. "சியாவும் நம்ம சப்ஜாவும் ஒண்ணுதான், நம்ம முன்னோர்..." என்று ஆரம்பிப்பவர்கள். இல்லைங்க. சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சை விதை. இரண்டும் துளசிக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு செடி. சப்ஜா கறுப்பு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் உப்பிவிடும். ஆனால் அதன் வழவழப்பு ஒவ்வொரு விதையையும் சுற்றியே நிற்கும், சுற்றியுள்ள பாலைக் கெட்டிப்படுத்தாது. அதனால் சர்பத்துக்கும் ஃபலூடாவுக்கும் சப்ஜா ராஜா. புட்டிங்குக்குப் போட்டால் பாலில் தவளை முட்டை மிதக்கிற மாதிரிதான் இருக்கும். நம் பொருளை உயர்த்திப் பேச பொய் தேவையில்லை.

ஏனென்றால் உண்மையாகவே உயர்த்திப் பேச நம்மிடம் ஒன்று இருக்கிறது. ராகி. கணக்கைப் பாருங்கள். 100 கிராம் சியாவில் சுண்ணாம்புச் சத்து சுமார் 630 மில்லிகிராம். 100 கிராம் ராகியில் சுமார் 360. சியாதான் ஜெயித்தது என்று குதிக்காதீர்கள். சியாவை நாம் சாப்பிடுவது 25 கிராம், கிடைப்பது சுமார் 160 மில்லிகிராம். களி கிண்டினால் ஒரு வேளைக்கு 100 கிராம் மாவு சர்வ சாதாரணமாக உள்ளே போகும், கிடைப்பது 360. விலையோ, கடையில் சியா ராகியைவிடப் பல மடங்கு. (இரண்டிலுமே உள்ள ஃபைட்டிக் அமிலம் சத்து உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும். ராகியை முளைகட்டி அரைத்தால் அது குறையும்.) தேங்காய்ப்பாலில் காணாமல் போன சுண்ணாம்புச் சத்து எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

அதனால் என் யோசனை, இரண்டையும் சேருங்கள். மூன்று மேசைக்கரண்டி ராகி மாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைத்ததை ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் ஏழெட்டு நிமிடம் கிண்டுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வந்ததும் வெல்லப்பாகு, அரை டம்ளர் தேங்காய்ப்பால், ஏலக்காய். தேங்காய்ப்பால் ஊற்றியபின் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும். இறக்கி, கொஞ்சம் ஆறியதும் ஒரு கரண்டி சியா தூவிக் கலக்கி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஆற ஆறத் தானாகவே கெட்டியாகும், ராகியின் மாவுச்சத்து அந்த வேலையைச் செய்துவிடும். சியா இல்லாவிட்டாலும் புட்டிங் புட்டிங்தான்.

ராகியை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்தும் செய்யலாம். கைக்குழந்தைகளுக்கு ஆயாக்கள் காய்ச்சிக் கொடுப்பது அதைத்தானே. மொழுமொழுவென்று வரும். ஆனால் ராகியின் சுண்ணாம்புச் சத்தும் நாரும் பெரும்பாலும் தோல் பக்கம்தான் இருக்கின்றன. பிழிந்த சக்கையோடு அதில் ஒரு பங்கு போய்விடும். நமக்குப் பல் இருக்கிறது, மாவாகவே கரைத்துக்கொள்ளலாம்.

"களியைக் கண்ணாடி ஜாடியில போட்டு புட்டிங்னு சொல்றது ஏமாத்து வேலை இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வெறும் பெயர் மாற்றம் என்றால் ஏமாற்றுதான். ஆனால் நம் வயதுப் பசங்க ராகியைவிட்டு ஓடுவது ருசிக்காக மட்டும் இல்லையே. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் களி உருண்டை இருப்பதில் ஒரு கூச்சம். அரிசிச் சோறு என்றால் கௌரவம், களி என்றால் காட்டுவேலை செய்கிறவன் சாப்பாடு என்ற எண்ணம் நம் அப்பா காலத்திலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. அதே பசங்க பெங்களூர் போய், ஜாடியில் கரண்டி விட்டுச் சியா சாப்பிடுவதைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். கூச்சம் பண்டத்தில் இல்லை, பார்க்கிற கண்ணில்தான் இருக்கிறது.

இது வெறும் கௌரவப் பிரச்சினையும் இல்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும்தான் தமிழ்நாட்டு ராகியின் தாய்வீடு. மழை பொய்த்தால் நெல் கைவிடும் மேட்டு நிலத்தில் தாக்குப்பிடிக்கிற பயிர் அது. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே 2023ல் தமிழக அரசு, நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அரூருக்கு அந்தப் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சித்திலிங்கியில், இயற்கை விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சிறுதானியம் விளைவித்து, மாவும் பிஸ்கட்டுமாக விற்கிறார்கள். அரசாங்கம் கொடுக்கலாம், விவசாயி விளைவிக்கலாம். சாப்பிட ஆள் இல்லையென்றால் அடுத்த தலைமுறையில் அந்த நிலத்தில் என்ன இருக்கும்? இப்போது அம்மா கிண்டுகிறார், நாம் தின்கிறோம். நாளைக்கு நம் வீட்டில் யார் கிண்டப் போகிறார்கள்?

களி கிண்டக் கைப்பக்குவம் வேண்டும், துடுப்புப் பிடிக்கத் தோளில் பலம் வேண்டும். எடுத்த எடுப்பில் நமக்கு வராது. புட்டிங் அப்படியில்லை, முதல் தடவையே வரும். ராகியோடு பழக்கம் விட்டுப்போன ஒருவன் திரும்ப வர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அதனால் சியா வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள், கேலி செய்ய மாட்டேன். அப்படியே ரேஷன் கார்டுக்கு வந்த ராகி வீட்டு மூலையில் மூட்டை கட்டிக் கிடக்கிறதா என்றும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கரண்டி மாவு, அரை மூடித் தேங்காய், ஒரு துண்டு வெல்லம். அம்மாவுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள்.