எடை குறைஞ்சா விலை கூடுமா? - ஒரு மிளகுக் கணக்கு

டிஸ்கி: இது விமர்சனம் இல்ல, வயித்தெரிச்சல். நீளமா இருக்கும். ஆணி அதிகம் உள்ளவங்க ராத்திரி வந்து படிச்சுக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து மச்சான் போன். மச்சான்னா தங்கமணியோட அண்ணன். பதினாறு வருசமா அங்கதான். வருசத்துக்கு ஒரு தடவை, முப்பது நாள், ஊருக்கு வருவார்.

"மாப்ளே, பாப்பாக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடைச்சாச்சு. நல்ல பொட்டியா ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். எங்க ஆபீஸ்ல பெரிய மேனேஜர் ஒருத்தர் வச்சிருக்காரு. கருப்பா, ஒத்த விரல்ல தூக்கிரலாம். பிசினஸ் லேப்டாப்பாம். அதையே வாங்கிரலாம்னு இருக்கேன். காசுதான் கொஞ்சம் இடிக்கு. அதனால இந்த வருசம் லீவுக்கு வரல. டிக்கெட்டு, சாமான் செலவு எல்லாம் மிச்சமானா சரியாப் போயிரும்."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அந்த எரிச்சல்ல எழுதுறதுதான் இது. மச்சானுக்கு மட்டும் சொன்னாப் போதாது, இதே கணக்கைப் போட்டுக்கிட்டு இன்னும் எத்தனை மச்சான்கள் தோஹாவிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்காங்களோ.

புதுசா வந்தவங்களுக்கு: நான் தூத்துக்குடிக்காரன். பொழைப்பு மட்டாஞ்சேரியில், ஒரு நறுமணப் பொருள் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு வழக்கு. கொச்சி எல்லாம் ஒரு தூரமான்னு வளைகுடா மக்கள் சிரிப்பாங்க. பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா உட்கார்ந்து வந்து, காலையில் நேரா ஆபீஸுக்குப் போய்ப் பாருங்க, தூரம் தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் வேலை பார்க்கிற தெருவில் மிளகுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஒரு லிட்டர் அளவில் மிளகைக் கொட்டி எடை போடுவாங்க. லிட்டர் வெயிட் என்பாங்க. 550 கிராம் நின்றால் மரியாதை. அதுக்குக் கீழே போகப் போக விலையும் கீழே போகும். உள்ளே சதை இல்லாத, ஊதினால் பறக்கிற மணிக்கு லைட் பெர்ரி என்று பேர். அதைப் பொறுக்கித் தள்ளின பிறகுதான் மலபார் கார்பிள்ட் என்று சாக்கில் எழுதலாம். நூற்றாண்டுக் கணக்கா இந்த ஊர் வியாபாரிக்குத் தெரிஞ்ச ஒரே சூத்திரம் இதுதான்: எடை குறைஞ்சா, உள்ளே என்ன இல்லைன்னு கேளு.

லேப்டாப்புக்கு மட்டும் இதைத் தலைகீழாப் புரட்டிட்டாங்க. எடை குறைஞ்சா விலை கூடும். உள்ளே என்ன இல்லைன்னு யாரும் கேட்கிறதில்ல.

மச்சான் ஆசைப்பட்ட சாதிக்கு நல்ல பரம்பரை இருக்கு, அதை மறுக்கல. 1992-ல் ஐபிஎம் திங்க்பேட் 700சி வந்தது. வடிவமைச்சவர் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மன்காரர். ஜப்பான்காரங்க சோறு கட்டிக்கிட்டுப் போற பெந்தோ டப்பாதான் அவருக்கு முன்மாதிரி. மூடியிருந்தால் சாதாரணக் கருப்பு டப்பா, திறந்தால் உள்ளே சிவப்பா ஒரு பொட்டு. 2005-ல் ஐபிஎம் அந்தத் தொழிலையே லெனோவாவிடம் கொடுத்துட்டு ஒதுங்கிடுச்சு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ஏரை ஒரு காகித உறையிலிருந்து உருவிக் காட்டினார். அன்னைக்குப் பிடிச்ச பேய்தான் இந்த ஒல்லிப் பேய். 2012-ல் எக்ஸ்1 கார்பன் வந்தது, 14 அங்குலத் திரை, 1.36 கிலோ. 2024 கடைசியில் வந்த பதின்மூணாவது தலைமுறை ஒரு கிலோவுக்கும் கீழே.

நல்லதை முதலில் சொல்லிடுறேன், இல்லைன்னா ஓரவஞ்சனை ஆயிடும். கீபோர்டு அருமை. நாள் முழுக்க எண்ணைத் தட்டுறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். திரை கண்ணாடி மாதிரி முகத்தைக் காட்டாது. மேல்மூடி கார்பன் நார், அதனால் லேசா இருந்தாலும் வளையாது. பழைய பென்டிரைவ் குத்த ஓட்டை, புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ ரெண்டையும் இன்னும் விடாம வச்சிருக்காங்க. பேட்டரியும் சேமிப்பு வட்டும் திருப்புளி இருந்தால் கழட்டலாம், எப்படிக் கழட்டுறதுன்னு கையேட்டையும் கம்பெனியே இலவசமாப் போட்டிருக்கு. இதெல்லாம் மற்ற பல ஒல்லிகளிடம் கிடையாது.

அவங்களும் சறுக்கியிருக்காங்க. 2014 எக்ஸ்1 கார்பனில் மேல்வரிசை எஃப் சாவிகளை எடுத்துட்டு தொடுபட்டை வச்சாங்க. கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் ஹோமும் எண்டும். ஊரே திட்டினதும் 2015-ல் பழையபடி ஆக்கினாங்க. ஆப்பிள்காரங்க இந்த விஷயத்தில் அண்ணன். ஒல்லி ஆக்குறேன்னு 2015-ல் ஆரம்பிச்ச பட்டாம்பூச்சி கீபோர்டைத் தூசி விழுந்து சாவி மாட்டிக்குதுன்னு புகார் வந்த பிறகும் 2019 வரை இழுத்தாங்க. 2022-ல் அமெரிக்காவில் 5 கோடி டாலருக்கு வழக்கை முடிச்சுக்கிட்டாங்க.

இப்போ என் புகார். பிசினஸ் லேப்டாப் என்ற பேரிலேயே விஷயம் இருக்கு மக்கா. அது பிசினஸுக்கு. கம்பெனி அதை மொத்தமா வாங்கும், அல்லது வாடகைக்கு எடுக்கும். மூணு வருசம், வீட்டு வாசலுக்கே வந்து சரி பண்ணிக் கொடுக்கிற வாரண்டி. மூணாவது வருசம் முடிஞ்சால் தூக்கிக் கொடுத்துட்டு புதுசு. அந்த மேனேஜர் ஒத்த விரலில் தூக்குறார்னா அவர் காசு அதில் பத்து பைசா கிடையாது. இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல், கொஞ்சம் நல்லதாக் கேட்டால் ரெண்டு லட்சத்தையும் தாண்டுகிற விலை அந்தக் கணக்குக்குப் போட்ட விலை. மூணு வருசத்துக்கு மேல் அது என்ன ஆகும்னு அவங்களுக்குக் கவலையே இல்ல. நம்ம வீட்டில் ஒரு பொட்டி எத்தனை வருசம் ஓடும்? அக்கா படிச்சு முடிச்சு தம்பிக்கு வரும், தம்பி முடிச்சால் அம்மா சீரியல் பார்க்க. எட்டு வருசம் ஓடணும்.

எட்டு வருசம் ஓடணும்னா, கெட்டுப்போனதை மட்டும் மாத்த முடியணும். இங்கதான் லைட் பெர்ரி கதை. எடையையும் தடிமனையும் குறைக்க முதலில் பலி கொடுத்தது மெமரி ஸ்லாட்டை. மெமரியை மதர்போர்டோடு சேர்த்துப் பத்த வச்சுட்டாங்க. இன்டெல் 2024 செப்டம்பரில் விட்ட கோர் அல்ட்ரா 200வி வகையில் இன்னும் ஒருபடி மேலே, மெமரி பிராசசர் கூட்டுக்குள்ளேயே போயிடுச்சு. உச்சம் 32 ஜிபி. வாங்குற அன்னைக்கு எவ்வளவோ, சாகுற வரைக்கும் அவ்வளவுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, சொல்லப் போறதில்ல. 2021 போனஸில் இப்படி ஒரு ஒல்லி வாங்கினேன். மூணு வருச வாரண்டி முடிஞ்சு சரியா ரெண்டாவது மாசம், ஆடி மழையில், ஒரு காலையில் பீப் பீப்புன்னு கத்துச்சு. மெமரி சில்லு ஒண்ணு அவுட். கடையில் தனியா விற்கிற குச்சியா இருந்தால் சில ஆயிரத்தில் முடியுற வேலை. சர்வீஸ்காரங்க மதர்போர்டையே மாத்தணும்னு சொன்னாங்க, 84,000 ரூபாய். ஒரு சில்லுக்காகப் பிராசசர், மெமரி எல்லாத்தையும் புதுசா வாங்கணுமாம். எறும்பு கடிச்ச விரலுக்குக் கையையே எடுன்னு சொல்ற வைத்தியம்.

படகேறி எறணாகுளம் பென்டா மேனகாவுக்குப் போனேன். கொச்சிக்காரங்களுக்குத் தெரியும், செல்போன், கம்ப்யூட்டர் எது செத்தாலும் கடைசி நம்பிக்கை அந்தக் கட்டடம்தான். (2025 அக்டோபரிலிருந்து மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ வந்துட்டுது. ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கினா நடக்கிற தூரம். நான் போனப்போ இல்ல.) ஒரு பையன் மைக்ரோஸ்கோப் வச்சு ரெண்டு நாள் மல்லுக்கட்டினான். "சேட்டா, இது நடக்கில்லா"ன்னு கையைக் கழுவிட்டான். காசு வாங்கல, நல்ல பையன்.

வட்டு மட்டும் பிழைச்சுது. வேற பொட்டியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்குது. பிட்லாக்கர்னு ஒரு பூட்டு. நான் போட்டதே கிடையாது, விண்டோஸ் தானாப் போட்டிருக்கு. அதன் சாவியைப் பிடிச்சுக்கிட்டிருந்த சில்லு செத்துப்போன போர்டில். நல்ல வேளை, என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒரு பிரதி இருந்துச்சு. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால் அப்பாவோட கடைசி தீபாவளிப் போட்டோக்களும் போயிருக்கும். இதைப் படிக்கிறவங்க இன்னைக்கே அந்தச் சாவியை ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வச்சிடுங்க. பாக்கியை அப்புறம் படிக்கலாம்.

"ஒல்லியா வேணும்னா பத்த வச்சுத்தான் ஆகணும், மின்சாரமும் மிச்சம்"னு பொட்டி தட்டுற நண்பர்கள் வக்காலத்துக்கு வருவாங்க. பாதி உண்மை. குறைஞ்ச மின்சாரத்தில் ஓடும் அந்த மெமரிக்குக் கம்பித்தடம் குட்டையா இருக்கணும், பழைய ஸ்லாட் அதுக்குச் சரிப்படாது. ஆனால் கழட்டி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற பலகையை 2024-ல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் வச்சதும் இதே லெனோவாதானே? அது 16 அங்குலப் பெரிய உருப்படி, ஒத்துக்கறேன். வழி இருக்குன்னு காட்டினவங்களே விலை கூடின ஒல்லியில் அந்த வழியைப் போடலைன்னா, அதை வேற என்னன்னு சொல்றது? 2025 கடைசியிலிருந்து மெமரி விலை வேற கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கு. இந்த நேரத்தில் வாங்கும்போதே பெருசா வாங்குன்னு கழுத்தில் கத்தி.

இன்னொண்ணு, ராணுவத் தரம். மில்-எஸ்டிடி-810னு பெட்டியில் போட்டிருக்கும். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு அது. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்யிறதுங்கிறது கம்பெனி இஷ்டம். ஈரப்பதத்துக்கு ஒண்ணு, உப்புக் காத்துக்கு வேற ஒண்ணு. மட்டாஞ்சேரியில் கம்மட்டத்தில் தொங்கவிட்ட சட்டையே ஜூன் மாசம் பூஞ்சை பிடிக்கும், கோடவுன் தாழ்ப்பாள் ரெண்டே வருசத்தில் துரு. தூத்துக்குடி உப்பளக் காத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? உப்புச் சோதனை செஞ்சீங்களான்னு கேட்டுப் பாருங்க, விற்கிற பையன் மேலும் கீழும் பார்ப்பான்.

ஆக, ரெண்டு லட்சத்தில் நாம் வாங்குறது என்ன? இதே குடும்பத்தில் டி14 இருக்கு. 2024-ல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு, பொருட்களைப் பிரிச்சுப் பார்த்து மதிப்பெண் போடுற ஐஃபிக்சிட் 10-க்கு 9 கொடுத்துச்சு. ரெண்டு மெமரி ஸ்லாட், எடை 1.3 கிலோவிலிருந்து. ஒல்லிக்கும் இதுக்கும் வித்தியாசம் முந்நூறு நாநூறு கிராம். ஒரு டப்பா தயிர்சாதம். கல்லூரிக்குப் போற பதினெட்டு வயசுப் பொண்ணு ஒரு டப்பா தயிர்சாதம் தூக்க மாட்டாளா மச்சான்?

விமானத்தில் வாரம் நாலு நாள் திரியிறவங்களுக்கு, முதுகுவலிக்காரங்களுக்கு, கம்பெனி காசு கொடுக்கிறவங்களுக்கு எக்ஸ்1 நல்ல பொட்டிதான். வாங்கிக்கோங்க.

வளைகுடாவில் வாங்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அங்க வாட் 5 சதவீதம், இங்க ஜிஎஸ்டி 18, அதனால் மலிவாத் தெரியும். 18 வயசான பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம் என்பதும் சரி. ஆனா அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமான்னு எழுத்தில் வாங்குங்க. கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்து இருக்கும். தமிழ்99-ல் தட்டுற என்னை மாதிரி ஆட்களுக்குக் கவலையில்ல, அரைப்புள்ளிச் சாவியில் 'ந' இருக்குன்னு விரலுக்கே தெரியும். புதுசாப் பழகுற பிள்ளை குழம்பும்.

இதையெல்லாம் மச்சானிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்ல. "பாப்பா ஃபிரண்ட்ஸ் எல்லாம் நல்லதா வச்சிருப்பாங்களே மாப்ளே"ன்னார். அதுதான் உண்மையான காரணம், எனக்கும் தெரியும். பதினாறு வருசம் பக்கத்தில் இல்லாத அப்பா, பொருளாவது பெருசாக் கொடுப்போம்னு நினைக்கிறார். அதுக்காக இருக்கிற முப்பது நாளையும் விற்கலாமா? அந்த முப்பது நாளுக்கு எந்தக் கடையில் மச்சான் ஸ்லாட் இருக்கு? கேட்டுட்டேன். கோவத்தில் போனை வச்சுட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாட்ஸப் வந்துச்சு. ரிச்சி தெருவில் கம்பெனிகள் லீஸ் முடிஞ்சு விட்ட டி14 என்ன விலைன்னு விசாரிக்கச் சொல்லி. விசாரிச்சேன், அவர் போட்ட கணக்கில் மூணில் ஒரு பங்குகூட வரல. அடுத்த வாரம் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு சென்னை போறேன். கீழ்மூடியைக் கழட்டி ஸ்லாட்டைக் காட்டச் சொல்லணும், பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்குன்னு பார்க்கணும், பயாஸ் கடவுச்சொல் ஏதும் மிச்சம் வச்சிருக்காங்களான்னு அணைச்சுப் போட்டுப் பார்க்கணும். மூடியைத் திறக்க மாட்டேன்னு சொன்னால் அடுத்த கடை.

டிக்கெட்டைப் பத்தி மச்சான் இன்னும் வாய் திறக்கல. நெடும்பாசேரியில் இறங்கினால் எத்தனை மணிக்கு பாலருவின்னு மட்டும் கேட்டிருக்கார்.