நரம்பின் அமைதியும் சங்கத்தின் கடமையும்

"நரம்புத் தளர்ச்சியா? இன்றே வருக!" என்னும் விளம்பரத்தை ஊர்ச் சுவர்களில் காணாதார் இரார். லேகியமும் சூரணமும் விற்போர் தம் சரக்கைப் புகழ்வது அவர் தொழில். அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோமில்லை. ஆயினும், அவ்விளம்பரம் நம் மக்களிடையே செல்லுபடியாவதற்குக் காரணம் உண்டு. உறக்கமின்மை, படபடப்பு, பசி மந்தம், எதற்கெடுத்தாலும் எரிச்சல் ஆகிய இவை நம் நெசவாளர் இல்லங்களிலும் விவசாயிகள் இல்லங்களிலும் உள்ள உண்மையான துன்பங்கள். இவற்றிற்குரிய மருந்தின் ஒரு பகுதி நம் சங்கத்துப் பட்டுவாடாப் புத்தகத்தில் இருக்கிறது என்பதே நாம் கூற விரும்பும் செய்தி.

நம் விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் நரம்புகள் சில உடலில் உண்டு. இதயத் துடிப்பும், இரைப்பையின் வேலையும், வியர்வையும் அவற்றின் ஆட்சிக்கு உட்பட்டவை. அவை இரு வகைப்படும். பரிவு நரம்புகள் என்பன அபாயம் நேருங்கால் உடலை முறுக்கேற்றுவன. எதிர்ப்பரிவு நரம்புகள் என்பன முறுக்கைத் தணித்து, உண்டதைச் செரிக்கவும், களைப்பை ஆற்றவும் உடலுக்கு வழிசெய்வன. மூளையின் அடியிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை வரை செல்லும் வேகஸ் நரம்பு இவ்வகையில் தலையாயது. இந்நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே இதயத்தைத் தணிக்கிறது என்பதை 1921ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். 1936இல் ஹென்றி டேல் என்பாருடன் நோபல் பரிசையும் பெற்றார்.

தறியில் அமர்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாவை அளவுக்கு மிஞ்சி இழுத்துக் கட்டினால் இழை அறும். தொய்ய விட்டால் நெசவு ஓடாது. வயலில் நிற்போர்க்குத் தேக்கடித் தலைமதகே சான்று. காலத்தில் திறந்து காலத்தில் அடைத்தால் கம்பம் பள்ளத்தாக்கு விளையும். எந்நேரமும் திறந்தே கிடந்தால் நாற்று அழுகும். உடலின் நிலையும் அதுவே. மலையடிவாரத்துத் தோட்டத்தில் இரவுக் காவலின்போது காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் நெஞ்சு படபடப்பது நன்மைக்கே. காட்டுப்பன்றி சற்று நேரத்தில் ஓடிவிடும். கடன்காரரைப் பற்றிய அச்சமோ இரவும் பகலும் உடனிருக்கும். மதகு அடைபடாத வாய்க்காலாக உடல் ஆவது அப்போதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்து நெசவாளர் சங்கமொன்றினை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். ஐம்பது வயது கடந்த அங்கத்தினர் ஒருவர் காலில் கட்டுடன் வந்தார். தறிக்குழியில் இறங்கும்போது ஏற்பட்ட சிறு காயம். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை வியாதி இல்லையென்று மருத்துவர் சோதித்துக் கூறிவிட்டார். "காயம் சின்னதுதேன் ஐயா, ராத்திரிதேன் கண்ணு மூட மாட்டேங்குது" என்றார் அவர். புத்தகத்தைப் புரட்டினோம். அவருக்குப் பதினொரு வாரக் கூலி பாக்கி. "கூலி பாக்கி, கவனிக்கவும்" என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை சென்றபோது பாக்கி தீர்ந்திருந்தது, காயமும் ஆறியிருந்தது. கூலியே காயத்தை ஆற்றியது என நாம் சாதிக்கவில்லை. ஒருவர் கதை சான்றாகாது. ஆயினும், ஒரு மனிதரின் உறக்கத்தை ஒரு வரிக் குறிப்பாக்கி வந்துவிட்டோமே என்ற உறுத்தல் நம்மை விட்டகலவில்லை. அவ்வுறுத்தலே நம்மை இப்பொருள் பற்றிப் படிக்கத் தூண்டிற்று.

படித்தவற்றுள் முதலாவது, 1995இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நடந்த சோதனை. நினைவிழந்த உறவினரை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அத்தகைய சுமையில்லாத 13 பெண்களுக்கும் முன்கையில் ஒரே அளவான சிறு காயம் செய்து கவனித்தனர். சுமையுற்ற பெண்களின் காயம் ஆறுவதற்குச் சராசரி ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. ஓயாத கவலையில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, புண்ணை ஆற்ற விரையும் இரத்த அணுக்களின் வேலையைத் தடுப்பது இதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது சான்று நம் தமிழ்நாட்டினது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013இல் ஆய்வாளர் சிலர் முடிவை வெளியிட்டனர். அடகும் கடனும் மிகுந்த அறுவடைக்கு முந்திய நாட்களில் அவர்தம் சிந்தனைத் திறன் குன்றியிருந்தது. பணம் கைக்கு வந்தபின் அதே மனிதர் தெளிவாக விடையளித்தனர். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளரிடையே நடந்த சோதனையும் இதையொத்ததே. கூலியில் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தபோது அவர்களின் வேலை கூடிற்று. கவனக்குறைவால் நேரும் பிழை குறைந்தது. துணியில் குறை கண்டு கூலியைப் பிடிக்கும் காரியதரிசிகள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

இனி, அங்கத்தினர் தாமே செய்யத்தக்கன சில உண்டு. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல் அவற்றுள் எளியது. ஜெபமாலை உருட்டுவோரும் மந்திரம் உச்சரிப்போரும் நிமிஷத்திற்கு ஏறக்குறைய ஆறு மூச்சளவுக்குத் தணிவதையும், அதனால் இதயத்தின் ஒழுங்கு மேம்படுவதையும் 2001இல் இத்தாலிய மருத்துவர் அளந்து காட்டினர். எம்மதத்தினரும், மதம் வேண்டாதாரும் இதனைப் பயிலலாம், காசு செலவில்லை. நண்பகல் உறக்கத்தைச் சோம்பல் என்று இகழ்வதும் தவறு. சென்னையில் 452 தொழிலாளரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வில், அவர்கள் எட்டு மணி நேரம் படுக்கையிலிருந்தும் ஐந்தரை மணியே உறங்கியது தெரிந்தது. பிற்பகலில் அரைமணி நேரம் உறங்க இடமளித்தபோது அவர்தம் வேலைத்திறனும் மனநலமும் உயர்ந்தன. விசைத்தறியின் ஓசையில் நாள் முழுதும் நிற்பார்க்கு இது மிகவும் வேண்டுவதன்றோ!

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. மூச்சுப் பயிற்சியும் ஓய்வும் மருத்துவத்துக்குத் துணையேயன்றி மாற்றாகா. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரையை ஒருவரும் நிறுத்தலாகாது. ஏலத்தோட்டத்திலும் திராட்சைப் பந்தலிலும் பூச்சிமருந்து அடிப்போர் மேலும் கவனிக்க வேண்டும். லோவி கண்ட அந்த நரம்புப் பொருள் வேலை முடிந்ததும் உடலிலேயே சிதைக்கப்படுவது இயற்கை. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அச்சிதைவைத் தடுத்து நரம்பை நிலைகுலையச் செய்வன. மருந்தடித்த பின் கண்மணி சுருங்குதல், வாயில் நீர் ஊறுதல், மிகு வியர்வை, மூச்சுத் திணறல் காணின், உடையைக் களைந்து உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே செல்ல வேண்டும். மனச்சுமை தாளாதவர் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

நிற்க. "மூச்சை அடக்கு, மனத்தை அடக்கு" என்று அங்கத்தினர்க்கு மட்டும் உபதேசித்து, பாவை இழுத்துக் கட்டிய கை எது என்று கேளாதிருப்பது நேர்மையாகாது. "விற்ற துணிக்கு மேலிடத்துப் பணம் வந்தாலன்றி நாங்கள் எப்படிக் கொடுப்போம்?" என்று நிர்வாகக் குழுவினர் கேட்பர். நியாயமான கேள்வியே. பணம் இல்லாதபோது தேதியையாவது கொடுக்கலாம் என்பது நம் விடை. 2016இல் லண்டனில் நடந்த ஆய்வொன்றில், மின்னதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று அறிந்திருந்தபோது காட்டிய பதற்றத்தினும், வருமோ வராதோ என்று அறியாதிருந்தபோது மக்கள் காட்டிய பதற்றம் மிகுதியாக இருந்தது. தாமதத்தைத் தாங்கும் நரம்பு, நிச்சயமின்மையைத் தாங்குவதில்லை. "நாளை வாருங்கள்" என்னும் சொல் பத்து முறை கேட்டவர்க்கு நஞ்சாகிறது.

ஆதலின் நாம் வேண்டுவன இவை: கூலிப் பட்டுவாடாவுக்கு ஒரு நாள் குறித்து அதனைக் காத்தல், இயலாத வாரத்தில் பாக்கியையும், கொடுக்கும் தேதியையும் சங்கப் பலகையில் எழுதி வைத்தல், பயிர்க்கடனை விதைப்புக்கு முன் வழங்குதல், தவணை தவறியவரைப் பலர் முன் அழையாமல் தனியே அழைத்துப் பேசுதல், சங்கத் தறிக்கூடத்தில் நண்பகல் அரைமணி ஓய்வுக்கு ஒரு பாயும் நிழலும் அமைத்தல். இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை.

ஆய்வுக்குச் செல்லும் நம் போன்றோர்க்கும் இதில் பங்குண்டு. பாக்கி என்று எழுதி நகராமல், எப்போது தீரும் என்று கேட்டு, விடையையும் தேதியிட்டுப் பதிந்த பின்னரே இனிக் கையொப்பமிடுவது என்று நாம் உறுதி கொண்டுள்ளோம். ஒருவருக்காக எல்லோரும் என்பது கூட்டுறவின் கொள்கையானால், அங்கத்தினர் ஒருவர் இரவில் நிம்மதியாக உறங்குவதும் அக்கொள்கையில் அடங்கியதேயாம்.