பழைய மோட்டார் சைக்கிளும் பேணுதல் வேண்டா மின்கலமும்

சங்கச் செய்யுளும் காப்பிய நயமும் பேசப்பெறும் இத்தமிழ்ப் பகுதியில், மோட்டார் சைக்கிளின் மின்கலத்தைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவித்தல் கூடும். ஆயினும் மொழியென்பது ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. எளிய மக்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு நாள்தோறும் முடிவு செய்யும் காரியங்களையும் அது தெளிவுற எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வெண்ணத்தாலேயே இப்பொருளை மேற்கொண்டேன். மின்கலம் என நூல்வழக்கிற் கூறப்படுவதை உலகவழக்கைத் தழுவி இனிப் பேட்டரி என்றே குறிப்பேன்.

சென்னைக்கு மேற்கே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், நேமிலிச்சேரிக்கும் வேப்பம்பட்டுக்கும் இடையே அமைந்தது திருநின்றவூர். விடியுமுன் பலர் தம் வண்டிகளில் இவ்வூர் நிலையத்துக்கு வந்து, அவற்றை நிறுத்திவிட்டு, மின்சார ரயிலேறி அம்பத்தூருக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். வேறு சிலர் பெரியபாளையம் வழியாக வண்டியிலேயே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் சென்று, இரவு முறை முடிந்து இருளிலே திரும்புகின்றனர். புதிய வண்டி வாங்க வகையற்றவர்க்குத் தந்தையார் வைத்துச் சென்ற பழைய வண்டியே துணை. ஏரிக்கரை ஓரத்தில் எதிரே லாரி வரும் வேளையில், அவ்வண்டியின் விளக்கு எரிகின்றதா அவிகின்றதா என்பது உயிரோடு தொடர்புடைய செய்தி. ஆதலின் பேட்டரியைத் தேர்வது சிறு காரியமன்று.

இத்தகையோர் கடைக்குச் செல்லுங்கால், ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டா, திறந்து பார்க்க வேண்டா, ஒரு தொல்லையும் இல்லை’ என்னும் சொல்லே முதலிற் காதில் விழுகின்றது. அச்சொல் முழுப் பொய்யன்று; ஆனால் பழைய வண்டியைப் பொறுத்தமட்டில் அது பாதி மெய்யே. பேணுதல் வேண்டாத பேட்டரி என ஒன்று உலகில் இல்லை. பேணவேண்டிய கடமை பேட்டரியினின்றும் வண்டியின் பிற உறுப்புக்களுக்கு இடம் பெயர்கின்றது. இதுவே யான் கூற விழைவது. இதனை உணராது வாங்குவோர் பொருளையும் இழப்பர், தொல்லையினின்றும் நீங்கார்.

பழைய வண்டி என்றதும் நம் பக்கத்தார்க்கு முதலில் நினைவில் எழுவது புல்லெட்டே. 1955ஆம் ஆண்டில், அக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரில், மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் கூடி அதனை உருவாக்கத் தொடங்கினர். 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் அத்தொழில் அற்றுப்போன பின்னரும் நம் கடற்கரையோரத்தில் அது நிலைபெற்றது. மைசூரில் உருவாகிய எஸ்டி வண்டிகளோ, 1996இல் அத்தொழிற்சாலை மூடப்பெற்ற பின்னரும், உரிமையாளர்தம் அன்பினால் இன்றும் ஓடுகின்றன. பழைய புல்லெட்டின் முன்விளக்குக் கூட்டின்மேல் சிறிய ஆம்பியர்மானி ஒன்று உண்டு. பேட்டரிக்குள் மின்சாரம் புகுகின்றதா, அதனின்றும் வெளியேறுகின்றதா என்பதை அதன் முள் காட்டும். ஓட்டுவோன் அதனை நோக்கிக்கொண்டே செல்வான் என்பது அவ்வண்டியைச் செய்தோர் கொண்ட நம்பிக்கை. பேணுவோன் ஒருவன் உளன் என்னும் எண்ணத்தின்மீதே அக்கால வண்டிகள் அமைந்தன என்பதற்கு அம்முள்ளே சான்று.

இனிப் பேட்டரியின் இயல்பைச் சிறிது காண்போம். 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான கஸ்தோன் பிளாந்தே என்பார் கண்ட ஈய அமிலக் கலமே இன்றளவும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. ஈயத் தகடுகள் கந்தக அமிலம் கலந்த நீரில் நிற்கும். ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட்டுத் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட்டுப் பேட்டரி; மூன்று சேர்ந்தது மிகப் பழைய வண்டிகளுக்குரிய 6 வோல்ட்டுப் பேட்டரி. மின்சாரம் நிறைந்த பின்னரும் அளவுக்கு மிஞ்சி ஊட்டினால், அது நீரை ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்துவிடும். நீர்மட்டம் தாழும். தகடுகள் வெளிப்பட்டுக் கெடும். அதனாலேயே காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றும் வழக்கம் ஏற்பட்டது.

தகடுகளின் ஈயத்தோடு ஆண்டிமனி மிகுதியாகக் கலந்திருந்த காலத்தில் நீர் விரைவாகக் குறைந்தது. ஆண்டிமனியைக் குறைத்துச் செய்தபோது அடிக்கடி நீர் ஊற்றும் தேவையும் குறைந்தது. இவையே ‘குறைந்த பேணுதல்’ உடையவை. இவற்றிற்கு மூடி உண்டு, திறந்து நீர் வார்க்கலாம். கால்சியம் கலந்து, தகடுகளுக்கிடையே கண்ணாடி இழை விரிப்பை வைத்து, அமிலத்தை அவ்விரிப்பே உறிஞ்சி வைத்திருக்குமாறு செய்து முற்றும் மூடியவை இன்னொரு வகை. இவற்றில் எழும் ஆக்சிஜன் விரிப்பின் நுண்துளைகள் வழியே எதிர்த் தகட்டை அடைந்து மீண்டும் நீராகின்றது. நீர் ஊற்றுதற்கு இடமுமில்லை, தேவையுமில்லை. தகடுகள் இறுகப் பொதியப்பெற்றுள்ளமையால் ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்ச்சியையும் இவை நன்கு தாங்கும்; அமிலம் சிந்திச் சட்டத்தை அரிப்பதும் இல்லை. இவ்வளவும் மூடிய பேட்டரியின் சிறப்பு. அதனை மறுப்பார் இலர்.

ஆயின் ஆக்சிஜன் நீராக மீளுவது ஓர் அளவுக்கு உட்பட்டே நிகழும். அளவு கடந்து மின்சாரம் புகுமாயின் உள்ளே காற்றழுத்தம் மிகும். அடைப்பு திறந்து காற்று வெளியேறும். அவ்வழி நீரும் போகும். திறந்த பேட்டரியில் போன நீரை ஊற்றி ஈடு செய்யலாம். மூடியதில் போனது போனதே. எனவே மூடிய பேட்டரி தன்னைப் பேணும் வேலையை ரெகுலேட்டர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டது என்க. வண்டி வேகமாக ஓடும்போது பேட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை நின்றால் அதற்கு நலம். 15ஐத் தாண்டினால் அது உள்ளே வறண்டு சாகும்.

பழைய வண்டிகளில் இக்கருவி எந்நிலையில் உள்ளது? 6 வோல்ட்டு வண்டிகள் பலவற்றில் அது கிடையவே கிடையாது. மிஞ்சிய மின்சாரத்தை விளக்குகளும் பேட்டரியுமே விழுங்கிக்கொள்ளுமாறு அவை அமைக்கப்பட்டன. பகலில் விளக்கின்றி நெடுந்தூரம் ஓட்டினால் மிச்சமெல்லாம் பேட்டரியின் தலையில் விழும். 12 வோல்ட்டு வண்டிகளிலும் பல்லாண்டு வெயிலும் மழையும் பட்ட ரெகுலேட்டர் தன் அளவில் நிற்குமென்று சொல்வதற்கில்லை. இவற்றோடு, எஞ்சினின் வெப்பமும் நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்ளும். வெப்பம் மிக மிகப் பேட்டரியின் ஆயுள் சுருங்கும் என்பது யாவரும் ஒப்பிய உண்மை.

இதனை இலக்கணம் பயிலும் நண்பர்க்கு எளிதில் விளக்கலாம். சீர்பெற்ற ரெகுலேட்டரோடு மூடிய பேட்டரி சேர்வது வழாநிலை. கெட்ட ரெகுலேட்டரோடு அது சேர்வது வழு. கெட்டதை மாற்ற இன்று பொருளில்லாதவன், நீர் வார்க்கத்தக்க பேட்டரியை வைத்துக்கொண்டு மாதந்தோறும் மூடியைத் திறந்து நோக்குவது வழுவமைதி. வழுவமைதியை இலக்கணத்தார் இகழ்ந்திலர். காரணம் பற்றி அமைத்துக்கொண்டனர். கடைக்காரர் மட்டும் அதனைப் ‘பழங்காலத்துச் சரக்கு’ என்று தள்ளுவது ஏனோ?

‘மக்கள் மறதியுடையோர், நீர் ஊற்றுவோர் யார்? ஆதலின் மூடியதே சிறந்தது’ என்பார் உளர். இவ்வாதம் வலியுடையதே. தகடுகள் வறளுமளவும் மூடியைத் திறவாதார் எத்தனையோ பேர். குழாய் நீரை ஊற்றி அதன் உப்பினால் தகட்டைக் கெடுப்பாரும் உளர். ஆனால் மறதியுடையோனுக்கு மூடிய பேட்டரியும் புகலிடமாகாது என்பதையே திருநின்றவூர் நிலையத்து வண்டிகள் காட்டும். வீட்டினின்றும் நிலையம் ஓரிரண்டு கிலோமீட்டர் தூரமே. கிளப்பச் செலவான மின்சாரம் மீள்வதற்குள் வண்டி நின்றுவிடுகின்றது. பின்னர்ப் பகல் முழுதும் அசைவின்றிக் கிடக்கின்றது. மாலையில் விளக்கோடு அதே குறுகிய பயணம். 35 வாட்டு முன்விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் கொள்ளும். எஞ்சின் மெல்ல ஓடுகையில், உண்டாகும் மின்சாரம் போதாமற்போக, குறை பேட்டரியினின்றே வரும். 5 ஆம்பியர் மணி அளவுள்ள சிறு பேட்டரியாயின், உதவி யாதுமின்றி இவ்விளக்கை இரண்டு மணி நேரமும் தாங்காது. இவ்வாறு வரவு குறைந்து செலவு மிக, தகடுகளின்மேல் ஈயச் சல்பேட் இறுகிப் படியும். இந்நோய்க்குத் திறந்தது, மூடியது என்ற வேற்றுமை இல்லை. வாரம் ஒருமுறை நெடுவழி ஓட்டுதலோ, மாதம் ஒருமுறை வீட்டில் சார்ஜரில் இட்டு நிறைத்தலோ ஒன்றே மருந்து.

லித்தியம் பேட்டரியைப் பரிந்துரைப்பாரும் இந்நாளில் தோன்றியுள்ளனர். அது எடையிற் குறைந்தது, நெடுநாள் உழைப்பது. ஆயின் விலை பன்மடங்கு. மின்னழுத்தம் அளவு கடந்தாலும், முற்றும் வற்ற விட்டாலும் அது ஈயத்தைவிடக் குறைவாகவே பொறுக்கும். ரெகுலேட்டரை நம்பவியலாத பழைய வண்டியில் அதனை வைப்பது, ஓட்டைக் கூரையின்கீழ்ப் பட்டுப்புடவையை விரிப்பதை ஒக்கும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பெரியபுராணத்தில் இவ்வூர்ப் பூசலார் கல்லொன்றும் எடாமுன்னரே கோயிலின் ஒவ்வோர் உறுப்பையும் மனத்துள் அமைத்தார் என்பர். அடியார்தம் அன்பை ஈண்டு யான் ஒப்பிடுகின்றேன் அல்லேன். பொருளைத் தொடுமுன் மனத்தாற் கணக்கிடும் முறையை மட்டுமே எடுத்துக்கொள்கின்றேன். கடைக்குச் செல்லுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். என் வண்டியில் பேட்டரி விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டுமா, எஞ்சினின் பொறிக்கும் அதுதானா? வண்டி ஓடும்போது முனைகளில் எத்தனை வோல்ட்டு நிற்கின்றது? ஒரு வாரத்தில் எத்துணைத் தூரம் ஓடுகின்றது? இரண்டாம் வினாவிற்கு விடை காண, மெக்கானிக் தம் மீட்டரை ஒரு நிமிடம் வைத்தாற் போதும். அளவு சரியாயின் மூடிய பேட்டரியே வாங்குக. மிகுதியாயின் முதற்செலவு ரெகுலேட்டருக்கே உரியது. அச்செலவு இயலும்வரை குறைந்த பேணுதல் உடைய திறந்த பேட்டரி போதும். அதன் காற்றுக் குழாய் சங்கிலியின்மீதோ சட்டத்தின்மீதோ படாமல் கீழே இறங்குமாறு மட்டும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். எதை வாங்கினும், பழைய பேட்டரியின் வடிவமும் அளவும் முனைகளின் திசையும் ஒத்திருத்தல் இன்றியமையாதது.

பேணுதலில் இன்னொரு பகுதியும் உண்டு. அதனைப் பலர் பேணுதலாகவே எண்ணுவதில்லை. இறந்த பேட்டரியை என் செய்வது? அதனுள் உள்ள ஈயம் சிறுவர்தம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு; தீங்கற்ற அளவு என ஒன்று அதற்குக் காணப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு. 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு விதிகள், பழையவற்றைத் திரட்டி மீட்டுருவாக்கும் பொறுப்பை ஆக்குவோர்மேல் சுமத்தின. ஆயினும், சில ரூபாய் மிகுதியாகக் கிடைக்குமென்று தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டால், அது எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணிலும் ஈயப்புகை காற்றிலும் கலக்கும். தன் வீட்டுத் தொல்லையை நீக்க அயலார் குழந்தையின் உடலில் நஞ்சேற்றுவது அறமன்று. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையிற் கழித்துக்கொள்வதே நேர்வழி.

‘தொல்லையில்லை’ என்னும் சொல் இக்காலத்தில் எல்லாப் பொருள்களின்மீதும் ஒட்டப்பட்டு வருகின்றது. தொல்லை மறைந்து எங்கே போயிற்று என்று வினவுவதே கற்றோர் கடமை. அது சில வேளை ரெகுலேட்டரில் ஒளிந்திருக்கும். சில வேளை அயலார் நிலத்தில் புதைந்திருக்கும். திருமறையில் வரும் பத்துக் கன்னியர் உவமையில், பதின்மரிடமும் விளக்கு இருந்தது. ஐவரிடம் மட்டுமே மாற்று எண்ணெய் இருந்தது. விளக்கு வாங்குவது எளிது. அது அவியாதிருக்க வேண்டுவது யாதென்று முன்னரே எண்ணுவது அரிது. நள்ளிரவில் கும்மிடிப்பூண்டியினின்றும் திரும்பும் தொழிலாளர் ஒவ்வொருவரும் அவ்வைவரைப் போல ஒளியோடு வீடு சேர்தல் வேண்டும். அதற்கு, அவர்தம் வீட்டில் கற்ற பிள்ளை ஒருவன் இருப்பின், விடுமுறையில் ஒரு நாள் மீட்டரொன்றை இரவல் வாங்கி வண்டியின் முனைகளில் வைத்துப் பார்ப்பானாக.